சிதறிய கோப்புகளும் வீட்டுக் கணினியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய குடும்பமொன்றின் உறுதிப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் ஓர் உண்மையை எளிதிற் காணலாம். அக்குடும்பத்துக்குரிய காணி முழுவதும் ஓரிடத்தில் இராது. வீட்டு வளவு கோப்பாயில் இருக்கும். தோட்டத்தறை உரும்பிராயில் இருக்கும். சீதனமாய் வந்த வயற்காணி வேறோர் ஊரில் இருக்கும். பனங்காணித் துண்டொன்று எவரும் ஆண்டுக்கொருமுறையேனும் சென்று பாராத எல்லையிற் கிடக்கும். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்துக் கொடுத்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்துரைக்கின்றது. தலைமுறை தோறும் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிந்து பிரிந்து, காணி பரப்பாகவும் அரைப் பரப்பாகவும் குழியாகவும் துண்டுபட்டது. இதனால் நிலத்தின் மொத்த அளவு குறைந்துவிடவில்லை. கமக்காரன் மண்வெட்டியோடும் நீரிறைக்கும் இயந்திரத்தோடும் நடக்க வேண்டிய தூரமே கூடிற்று. ஒரே நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று நாளுக்கு நீண்டது.

வீட்டுக் கணினியின் வன்தட்டிலும் இதுவே நிகழ்கின்றது. ஆண்டுகள் சில சென்றபின் கணினி ஏன் மெதுவாகின்றது என்று வினவுவோர்க்கு, 'டிஃபிராக் செய்து பாருங்கள்' என்று அயலில் யாரேனும் ஒருவர் சொல்லாதிருப்பதில்லை. டிஃபிராக்மென்டேஷன் என்னும் நீண்ட ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்த்தல் என்பது பொருள். அதற்கான மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது, எப்போது எதையுமே தொடாதிருப்பது என்பவற்றைத் தெரிந்துகொள்ளுமுன், வன்தட்டு வேலை செய்யும் விதத்தைச் சிறிதேனும் அறிதல் வேண்டும்.

வன்தட்டு என்பது காந்தப் பூச்சுடைய தட்டுகள் சில சுழன்றுகொண்டிருக்கும் பெட்டி. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுப் பொறியில் இருபத்துநான்கு அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுகள் இருந்தன. அத்தனை பெரிய பொறி கொண்டது ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அந்த இடம் வேண்டும். உருவம் சுருங்கிவிட்டதேயன்றி முறை மாறவில்லை. இன்றைய வீட்டுக் கணினியின் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை அல்லது 7,200 முறை சுழல்கின்றது. பழைய கிராமபோன் பெட்டியின் ஊசித் தண்டு போன்றதொரு கை, தட்டின் மேலே உள்ளும் வெளியும் அசைந்து, வேண்டிய வட்டத்தை அடைந்து எழுத்துக்களைப் படிக்கின்றது. கிராமபோன் ஊசி தட்டைத் தொடும். இந்தக் கையின் முனையோ தட்டைத் தொடாமல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கும்.

அந்தக் கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லச் சராசரி பத்து மில்லிசெக்கன் ஆகும். சென்று சேர்ந்தபின், வேண்டிய பகுதி சுழன்று கீழே வந்து சேரும்வரை காத்திருத்தல் வேண்டும். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டில் ஒரு சுற்றுக்குப் பதினொரு மில்லிசெக்கன். சராசரிக் காத்திருப்பு அதிற் பாதி. ஆகவே ஒவ்வொரு துண்டையும் தேடிச் செல்வதற்குப் பதினைந்து மில்லிசெக்கன் செலவாகின்றது என்று வட்டமாகக் கொள்ளலாம். கேட்பதற்கு இஃது அற்பமாகத் தோன்றும். ஆயின் கணக்கைப் போட்டுப் பார்க்க. இருபது மெகாபைற்று அளவுள்ள கோப்பு ஒன்று தட்டில் தொடர்ச்சியாக ஓரிடத்தில் இருந்தால், செக்கனுக்கு நூறு மெகாபைற்று படிக்கும் வன்தட்டு அதனைச் செக்கனின் ஐந்திலொரு பங்கில் படித்துவிடும். அதே கோப்பு ஆயிரம் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால், தேடிச் செல்வதற்கே பதினைந்து செக்கன் ஆகும். கோப்பு அதே கோப்புத்தான். நடை மட்டும் எழுபத்தைந்து மடங்கு.

சிதறல் ஏன் உண்டாகின்றது? விண்டோஸ் கணினி தட்டின் இடத்தைச் சிறு சிறு கூறுகளாக வகுத்து வைத்துள்ளது. வழக்கமாக ஒரு கூறு நாலு கிலோபைற்று. மேற்சொன்ன இருபது மெகாபைற்றுக் கோப்புக்கு இத்தகைய கூறுகள் ஐயாயிரத்துக்கு மேல் வேண்டும். புதுத் தட்டில் அவை வரிசையாகக் கிடைக்கும். பின்னர் வீட்டார் சில படங்களை அழிப்பர். பிள்ளைகள் விளையாட்டொன்றை நிறுவி நீக்குவர். விண்டோஸ் தன் புதுப்பித்தல்களை மாதந்தோறும் இறக்கும். அழிந்தவை விட்ட இடைவெளிகளிற் புதியவை போய் அமரும். ஓர் இடைவெளி போதாதபோது எஞ்சியதை அடுத்ததில் வைக்கும். எந்தத் துண்டு எங்கே என்று ஒரு பதிவேடு மட்டும் குறித்துக்கொள்ளும். தட்டு நிறைய நிறைய இடைவெளிகள் சிறுக்கும்; சிதறலும் பெருகும். ஆதலின் நூற்றுக்குப் பதினைந்து பங்கேனும் வெற்றிடமாக விட்டு வைத்தல் வேண்டும் என்பது பழைய விண்டோஸ் கூறிவந்த அறிவுரை. துண்டுகளைச் சேர்ப்பதற்கும் அந்த வெற்றிடம் தேவை. முற்றம் இல்லாத வீட்டில் தளபாடங்களை மாற்றி அடுக்க இயலாததுபோல.

காணித் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது எளிதன்று. பங்காளிகள் அனைவரும் இணங்குதல் வேண்டும், நொத்தாரிசும் நில அளவையாளரும் வேண்டும், சில வேளை வழக்கும் வேண்டும். கணினிக் கோப்புகளுக்கு இந்தத் தொல்லையில்லை. சேர்க்கும் மென்பொருள் துண்டுகளைப் படித்து, தொடர்ச்சியான வெற்றிடமொன்றில் எழுதி, பதிவேட்டைத் திருத்திவிடும்.

இந்த வேலைக்கெனத் தனியே மென்பொருள் விலைக்கு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 1993இல் வந்த எம்.எஸ்.டொஸ் ஆறாம் பதிப்பில் மைக்ரோசொப்ட் நிறுவனம், சிமன்டெக் நிறுவனத்திடம் உரிமை பெற்ற டிஃபிராக் கருவியைச் சேர்த்தது. 1996இல் வந்த விண்டோஸ் என்.டி. நாலாம் பதிப்பில் துண்டுகளை நகர்த்துவதற்கான வழி உள்ளமைந்திருந்தும், அதைப் பயன்படுத்தும் கருவி உடன் வரவில்லை. வேண்டியவர் வெளியில் வாங்கினர். விண்டோஸ் 2000 என்னும் பதிப்பில் டிஸ்க்கீப்பர் என்ற விலைக்குரிய மென்பொருளின் சுருங்கிய வடிவம் சேர்ந்தது. விஸ்டாப் பதிப்புத் தொடக்கம் கருவி தானாகவே இயங்கத் தொடங்கிற்று: வாரந்தோறும் புதன்கிழமை அதிகாலை ஒரு மணிக்கு. அந்நேரத்தில் கணினியை இயங்கவிட்டுத் துயிலும் வீடு குடாநாட்டில் எத்தனை என்பது வேறு கேள்வி. விண்டோஸ் எட்டாம் பதிப்பிலிருந்து, கணினி ஓய்வாக இருக்கும் வேளை பார்த்து இவ்வேலை நடைபெறுகின்றது.

அந்த 1996ஆம் ஆண்டு வழியே இன்றளவும் முக்கியமானது. பிற நிறுவனங்களின் டிஃபிராக் மென்பொருள்கள் பெரும்பாலும் அனைத்தும் விண்டோஸ் திறந்துவிட்ட அந்த ஒரே வாசலினாலேயே உள்ளே செல்கின்றன. துண்டை நகர்த்துவது விண்டோஸ். எந்தத் துண்டை எங்கே வைப்பது என்று சொல்வதே மென்பொருளின் பங்கு. ஆகவே 'பத்து மடங்கு வேகம்' என்னும் விளம்பரங்களை ஐயத்தோடு நோக்குதல் தகும். விண்டோஸுடன் வரும் கருவி, அறுபத்துநாலு மெகாபைற்றுக்கு மேற்பட்ட துண்டுகளைச் சேர்க்க முயல்வதில்லை. இது சோம்பலன்று, கணக்கு. அத்தகைய துண்டு ஒன்றைப் படிக்கவே செக்கனின் பாதிக்கு மேல் ஆகும். அதற்கிடையே பதினைந்து மில்லிசெக்கன் நடை ஒரு பொருட்டன்று. வேறு மென்பொருளொன்று அவற்றையும் சேர்த்துத் திரை முழுவதையும் ஒரே வர்ணமாக்கிக் காட்டினால் கண்ணுக்கு இனிமையே. கணினி அதனால் விரைவதில்லை.

இலவசமானது, பாரமற்றது என்ற இரு தேவைகளையும் வைத்து நோக்கினால், முதலிடம் ஏற்கெனவே கணினியில் உள்ள அந்தக் கருவிக்கே உரியது. அதற்கு இறக்கம் தேவையில்லை, நிறுவுதல் தேவையில்லை, வேலையில்லாதபோது நினைவகத்தில் இடம் பிடிப்பதுமில்லை. தொடக்கப் பட்டியலில் ஆங்கிலத்தில் டிஃபிராக் என எழுதினால் அது தோன்றும். முதலில் ஆராய்க என்னும் பொத்தானை அழுத்தினால் நூற்றுக்கு எத்தனை பங்கு சிதறியுள்ளது என்று காட்டும். பத்துக்கு உட்பட்டிருந்தால் விட்டுவிடலாம்.

சில வேளைகளில் வேறு கருவி வேண்டியிருக்கும். ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும் சிதறியிருக்க, முழுத் தட்டையும் புரட்டுவது வீண். அத்தகைய தேவைக்கு மார்க் ருசினோவிச் எழுதிய கொன்ரிக் என்னும் மிகச் சிறிய கருவி உண்டு. அவரது சிஸ்இன்ரேணல்ஸ் நிறுவனத்தை 2006இல் மைக்ரோசொப்ட் வாங்கியபின் அது அந்நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றது. கறுப்புத் திரையில் கட்டளை எழுதியே அதனை இயக்க வேண்டும் என்பது பலரைப் பின்வாங்கச் செய்யும். பிரிபோம் நிறுவனத்தின் டிஃபிராக்லர், கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டி வேண்டியதை மட்டும் சேர்க்கும். நிறுவாமலே இயக்கக்கூடிய வடிவமும் அதற்குண்டு. அந்நிறுவனம் 2017இல் அவாஸ்ற் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதே ஆண்டில் அந்நிறுவனத்தின் வேறொரு மென்பொருளான சீகிளீனரின் பதிப்பொன்றினுள் தீயோர் நச்சு நிரலைப் புகுத்தி, அது இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைச் சென்றடைந்தது. டிஃபிராக்லருக்கு அதில் தொடர்பில்லை. எனினும் நற்பெயருள்ள இடத்திலும் கவனம் வேண்டும் என்பதற்கு அது சான்று. ஒல்லாந்து நாட்டவரான ஜெரோன் கெசல்ஸ் எழுதிய மைடிஃபிராக் ஒரு காலத்தில் விடயமறிந்தோர் போற்றியது. அதன் வளர்ச்சி நெடுநாளைக்கு முன்பே நின்றுபோயிற்று. பழைய கணினியில் அது இருந்தால் இருக்கட்டும்; புதிதாகத் தேடிப் போகும் தேவையில்லை.

தள்ள வேண்டியவற்றை அறிவது இன்னும் பயனுடையது. எப்பொழுதும் பின்னணியில் இயங்கிக்கொண்டே துண்டு சேர்ப்பதாகச் சொல்லும் மென்பொருள், நாலு கிகாபைற்று நினைவகம் மட்டுமே உள்ள பழைய கணினிக்குப் பாரமாகவே முடியும். தீர்க்க வந்த மெதுமையை அதுவே உண்டாக்கும். நிறுவும்போது இன்னும் இரண்டு மென்பொருள்களை ஏற்கும்படி முன்கூட்டியே சரிக்குறியிட்டு வைத்திருப்பது மற்றொரு வகை. ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் குறியை நீக்காதவர் வீட்டில் அழையா விருந்தினர் பலர் வந்து சேர்வர். ஆராய்ந்த மாத்திரத்தில் ஆயிரம் பிழைகள் உள்ளன என்று சிவப்பெழுத்திற் காட்டி, அவற்றைத் திருத்தப் பணம் கேட்பது மூன்றாம் வகை. துண்டு சேர்க்கும் மென்பொருள் துண்டுகளை எண்ணட்டும். பிழைகளை எண்ண அதனை எவரும் அழைக்கவில்லை.

இனி, எல்லாவற்றிலும் முதன்மையான விடயம் ஒன்று உண்டு. கணினி மெதுவாக இயங்குவதற்குச் சிதறல் மட்டுமே காரணமென்பதில்லை. வன்தட்டு பழுதடையத் தொடங்கும்போதும் இதே அறிகுறி தோன்றும். பழுதான இடத்தைப் படிக்க இயலாது கை மீண்டும் மீண்டும் முயலும்; திரை உறைந்து நிற்கும்; சில வேளை 'டிக், டிக்' என்னும் ஓசை கேட்கும். டிஃபிராக் செய்தல் என்பது வன்தட்டை மணிக்கணக்காக ஓய்வின்றிப் படிக்கவும் எழுதவும் வைப்பது. நலமுள்ள தட்டுக்கு அதனால் தீங்கில்லை. உயிர் ஊசலாடும் தட்டுக்கு அதுவே இறுதி நாளாகலாம்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இதன் விளைவு சிறிதன்று. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, திருமணப் படங்களும் பிறப்புப் பத்திரங்களும் காணி உறுதிகளும் எத்தனையோ வீடுகளில் அழிந்தன. தப்பியவற்றைப் பின்னர் ஸ்கான் செய்து கணினியில் இட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இறந்துபோன ஒருவரின் ஒரே நிழற்படம், வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பழைய வீடியோ, பாட்டனாரின் குரற்பதிவு ஆகியன ஏழெட்டு ஆண்டு பழைமையான ஒரே வன்தட்டில், வேறெங்கும் பிரதியின்றிக் கிடப்பதுண்டு. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறிடத்திற் பிரதி இல்லாதவை மீளவேயில்லை. அந்த அனுபவமுள்ள மண்ணில், 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பிரதி செய்து இணையத்தில் வைத்து வருகின்றது. வீட்டுப் படங்களுக்கு அவ்வாறு பொறுப்பேற்பார் வெளியில் எவரும் இலர்.

ஆகவே டிஃபிராக் பொத்தானை அழுத்துமுன் இரண்டு காரியம் செய்தல் வேண்டும். முதலாவது, இழக்கலாகாத கோப்புகளை வேறொரு தட்டிற் பிரதி செய்தல். இரண்டாவது, வன்தட்டின் உடல்நிலையைப் பார்த்தல். வன்தட்டு தன் பழுதுகளைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று அதனுள் உண்டு. அக்குறிப்பைப் படித்துக் காட்டுவதற்கு ஜப்பானிய ஆக்கமான கிறிஸ்ரல்டிஸ்க்இன்போ என்னும் இலவச மென்பொருள் போதும். நீல நிறத்தில் 'நன்று' என்று காட்டினால் மேலே செல்லலாம். மஞ்சள் நிறத்தில் 'எச்சரிக்கை' என்று காட்டினால், பழுதான கூறுகளுக்குப் பதிலாக ஒதுக்கிடங்கள் செலவாகத் தொடங்கியிருத்தல் கூடும். அப்போது பிரதி செய்வதைத் தவிர வேறெதுவும் அத்தட்டிற் செய்தலாகாது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு தீவின் மின் வலையமைப்பிலிருந்து நெடுங்காலம் அறுந்திருந்தது. போர் முடிந்தபின் இணைப்பு மீண்டது. 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில், பங்குனி மாத இறுதியில், நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு ஏற்பட்டது. துண்டு சேர்க்கும் வேலையின் நடுவே மின்சாரம் நின்றால் கோப்பு அழிந்துவிடுமோ என்பது நியாயமான அச்சம். விண்டோஸ் துண்டைப் புதிய இடத்தில் எழுதி முடித்த பின்னரே பதிவேட்டைத் திருத்துகின்றது. திருத்தத்தையும் முன்கூட்டி ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றது. ஆதலின் நடுவில் நின்றாலும் கோப்பு பெரும்பாலும் பழைய இடத்திலோ புதிய இடத்திலோ முழுமையாகவே இருக்கும். உள்தட்டில் வழக்கமாகவுள்ள என்.ரீ.எப்.எஸ். என்னும் ஒழுங்குமுறைக்கே இந்தக் காவல் உண்டு. யூ.எஸ்.பி. தட்டுகளிற் காணப்படும் பழைய பற் முப்பத்திரண்டு ஒழுங்குமுறையில் அத்தகைய குறிப்பேடு இல்லை. மேசைக் கணினி உடையோர் யூ.பி.எஸ். பெட்டி இருந்தாலன்றி மழையும் இடியுமான நாளில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பது நன்று. மடிக்கணினியெனின் மின்னிணைப்பும் கொடுத்து, பற்றரியும் நிறைந்திருக்கும் வேளையிற் செய்யலாம்.

இதுவரை சொன்னவை யாவும் சுழலும் தட்டுக்கே பொருந்தும். அண்மை ஆண்டுகளில் வரும் கணினிகளில் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகமே பெரும்பாலும் இருக்கின்றது. அதில் சுழலும் தட்டுமில்லை, நடக்கும் கையுமில்லை. எந்தத் துண்டையும் செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவில் எட்டிவிடும். சிதறல் இருந்தாலும் நடை இல்லை. நடை இல்லாத இடத்தில் துண்டு சேர்ப்பதாற் கிடைப்பது மிகச் சிறிது. அன்றியும் அதன் ஒவ்வொரு கூறும் குறித்த அளவு முறையே எழுதப்படக்கூடியது. வீணாக எழுதுவது அதன் ஆயுளைக் குறைக்கும். விண்டோஸ் ஏழாம் பதிப்பே இத்தகைய சேமிப்பகத்தை இனங்கண்டு, தானியங்கும் டிஃபிராக்கை நிறுத்தி வைத்தது. எட்டாம் பதிப்பிலிருந்து அதே கருவி, அழிக்கப்பட்ட இடங்கள் எவையென்று எஸ்.எஸ்.டி.க்கு அறிவிக்கும் வேலையையே பெரும்பாலும் செய்கின்றது. கருவியின் பட்டியலில் 'சேமிப்பகத்தின் வகை' என்னும் நிரலைப் பார்த்தால் தன் வீட்டிலுள்ளது எவ்வகை என்பதை எவரும் அறியலாம். அதனைப் பாராமல் வெளி மென்பொருளொன்றால் எஸ்.எஸ்.டி.யைப் புரட்டுவது பயனற்ற உழைப்பு.

விண்டோஸ் பத்தாம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு நின்றது. பதினோராம் பதிப்பை ஏற்காத பழைய கணினிகள் வீடுகளில் இன்னும் பல. அவற்றைப் பாரமற்ற லினக்ஸ் வகையொன்றுக்கு மாற்றிக்கொள்வோர்க்கு டிஃபிராக் என்னும் வேலையே அரிது. அங்கு வழக்கிலுள்ள கோப்பு ஒழுங்குமுறை, கோப்புகளை இடம் விட்டு விட்டு வைத்து, சிதறலைத் தொடக்கத்திலேயே பெரிதும் தவிர்க்கின்றது. வன்தட்டை நீக்கிச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவோர் காணும் வேகம் எந்த டிஃபிராக் மென்பொருளாலும் கிடைக்காதது. விலைக்குரிய டிஃபிராக் மென்பொருளுக்குக் கொடுக்கும் பணத்தை அதற்கென ஒதுக்கி வைப்பதே மேல்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் கையடக்க வன்தட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருமண வீடியோ போன்ற பெருங்கோப்புகள் ஒருமுறை எழுதப்பட்டு அப்படியே இருப்பவை. அவற்றிற் சிதறல் சிறிதே. இத்தட்டுகளிற் பல, ஓட்டு வரிசைபோல ஒன்றன்மேலொன்று படிந்த வட்டங்களில் எழுதுபவை. ஓர் ஓட்டை மாற்ற அயலிலுள்ளவற்றையும் கழற்றிப் போட வேண்டியதுபோல, சிறு மாற்றத்துக்கும் பெரும்பகுதியைத் திரும்ப எழுதும். அவற்றை டிஃபிராக் செய்யத் தொடங்கினால் இரவு முழுவதும் ஓடியும் முடியாது. அத்தகைய தட்டு உண்மையாகவே சிதறியிருப்பின், உள்ளவை அனைத்தையும் வேறொரு தட்டிற் பிரதி செய்து, பிரதி சரியாகத் திறக்கின்றதா என்று பார்த்து, பழையதை வெறுமையாக்கித் திரும்ப எழுதினாற் போதும். கோப்புகள் யாவும் வரிசையாகப் போய் அமரும். இரண்டாவது தட்டில் ஒரு பிரதியும் மிஞ்சும்.